சூளகிரி விடுதியில் நான் போடாத கையெழுத்து

பிரான்சிஸ், நீ கேட்ட நாலு வரியை நான் எழுதப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படித்துவிட்டு ஏமாந்து போகாதே. "லூர்துசாமி மாமா மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுடுங்கன்னு நாலு வரி எழுதிக் குடும்மா, நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். கோவிலில் உன் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டாவது தடவையும் வாசித்து முடித்து நான் வீட்டுப் படி ஏறுகிற நேரம். உன் அப்பா சமையலறையில் அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுதிடு, என்ன கெட்டுப்போச்சு?" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். பேப்பர் எடுத்து உட்கார்ந்தால் அந்த நாலு வரி வரவில்லை, இதுதான் வருகிறது. போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. அதனால் எழுதுகிறேன். கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போகப்போகிறவன், உன் அம்மா யார் என்று முழுசாகத் தெரிந்துகொண்டே போ.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஆனால் அது எப்படி என் வேலை ஆனது என்று நான் உட்கார்ந்து சொன்னதே இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு இங்கே தொழிற்பேட்டையில் பர்னர் தயாரிக்கிற கம்பெனியில் சேர்ந்தேன். டீசலைப் பனி மாதிரி தூவி, காற்றைக் கலந்து, பொறி வைத்துக் கொளுத்துகிற சாதனம் அது. லாட்ஜ், விடுதி, ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் பெரிய வாட்டர் ஹீட்டருக்கு அடியில் அதுதான் உட்கார்ந்திருக்கும். ஒன்பது வருஷம் அதை மாட்டிக்கொண்டே இருந்தேன். திடீரென்று எங்கள் பகுதியை மூடினார்கள். மற்ற பெண்கள் தையலுக்கும் பேக்கிங்குக்கும் போனார்கள். எனக்குக் கையில் இருந்தது இந்த ஒரு வித்தைதான். மூக்கண்டப்பள்ளி வீட்டு முன்னறையில் ஒரு பலகை மாட்டினேன், "வாட்டர் ஹீட்டர் பொருத்துதல், பழுது பார்த்தல்" என்று. முதல் வருஷம் போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: "மெக்கானிக் வரலியாம்மா?" நான்தான் மெக்கானிக் என்று சொன்னால் பின்னால் மொபெட்டை நிறுத்திக்கொண்டிருக்கும் உன் அப்பாவைப் பார்ப்பார்கள். அவர், "எனக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாதுங்க, நான் டிரைவர்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் மற்ற விஷயங்களில் செய்கிற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறேன்.

ஒரு பால் பண்ணையில் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போன ஹீட்டர். பர்னர் பற்றும், அரை நிமிஷத்தில் நின்றுவிடும், சிவப்பு விளக்கு எரியும். வந்தவர்கள் எல்லாரும் ரீசெட் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, கண்ட்ரோல் பெட்டியை மாற்றச் சொல்லியிருந்தார்கள். நான் எதையும் கழற்றவில்லை. முதலில் வெளியே போய் டீசல் டேங்கைப் பார்த்தேன். மூடி உடைந்து கிடந்தது, முந்தின வாரம் நல்ல மழை. குழாயின் அடியிலிருந்து ஒரு பாட்டிலில் டீசல் பிடித்து வெளிச்சத்தில் காட்டினேன். அடியில் பாதிக்குத் தண்ணீர். "தண்ணி எப்படிங்க எரியும்?" என்றேன். அந்த மேனேஜர் அதற்குப் பிறகு என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார். நான் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். மெஷின் பக்கத்தில் நிற்கும்போது அங்கே உண்மையில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார்க்கப் பழகியவள் நான். யார் யாருக்குச் சொந்தம், யார் கோபித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் டீசலுக்கும் தீக்கும் தெரியாது.

இப்போது லூர்துசாமிக்கு வருகிறேன். அவர் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லமாட்டேன். நீ கட்டிக்கொள்ளப்போகிற ரெஜினாவை, தகப்பன் இல்லாத பெண்ணை, சித்தப்பனாக நின்று படிக்க வைத்தவர், ஆளாக்கியவர். உங்கள் கல்யாணப் பேச்சு முடிந்த சந்தோஷத்தில்தான் சூளகிரியில் அவர் கட்டிக்கொண்டிருந்த பெண் தொழிலாளர் விடுதிக்கு வாட்டர் ஹீட்டர் போடுகிற வேலையை என்னிடம் கொடுத்தார். "சம்பந்தி இருக்கும்போது வெளியாளை ஏன் தேடணும்?" என்றார். நானும் அப்பாவும் ஒரு மாதம் ஓடினோம். தரைத்தளத்தில் தனி அறை. எதிரெதிர்ச் சுவர்களில் காற்று வர இரண்டு பெரிய ஜன்னல், அதை நானே அளந்து வரைபடத்தில் போட்டுக் கொடுத்திருந்தேன். புகைக்குழாயை மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோனேன். எல்லாம் சரியாக இருந்தது. பர்னரை ஓட்டிப் பார்த்து, எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற வேலை மட்டும் பாக்கி.

அதற்காகத் திறப்பு விழா வைத்திருந்த வாரம், திங்கட்கிழமை காலையில் போனேன். அறை இருட்டாக இருந்தது. ஒரு ஜன்னலைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்கள். சாரல் அடித்து மின்பெட்டி நனைகிறதாம். இன்னொரு ஜன்னல் பக்கத்தில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, அந்தப் பாதியை வாட்ச்மேனுக்கு அறையாக்கியிருந்தார்கள். சுவர் கூரைவரை போகவில்லை, மேலே ஒரு முழம் இடைவெளி, ஓரத்தில் ஒரு ஆள் நுழைய வழி. அந்தப் பக்கம் வாட்ச்மேன் பசப்பா குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டில் போட்டுப் படுக்கை விரித்திருந்தார். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எழுந்து, "இல்லி பெச்சகிதே அம்மா, இங்க சூடா இருக்கு. ஹீட்டர் ஓடினா இன்னும் கதகதன்னு இருக்கும்" என்றார். நான் பர்னரை ஓட்டினேன். கதவு திறந்திருந்தவரை தீ நல்ல மஞ்சளாக, நிமிர்ந்து எரிந்தது. கதவைச் சாத்தச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தீ மங்கிச் சிவந்து, ஓரமெல்லாம் கரி கட்டி ஆட ஆரம்பித்தது. காற்று இல்லாமல் திணறுகிறது. மேலே போக வேண்டிய புகை அறைக்குள் திரும்பி வந்தது. கழுத்தில் மாட்டியிருந்த, விஷவாயுவைக் காட்டுகிற கேஸ் மீட்டர் கத்தியது. நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன்.

புகை கண்ணை எரித்தாலாவது ஆள் எழுந்து ஓடுவான். அதோடு கூட வருகிற இன்னொரு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். லூர்துசாமிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கதவைத் திறந்து வச்சா நல்லா எரியுதில்ல? அப்ப திறந்து வச்சுக்கச் சொல்லிடலாம்" என்றார். "ஏங்க, மார்கழிக் குளிர்ல எந்த மனுசன் கதவைத் திறந்து வச்சுட்டுப் படுப்பான்?" என்றேன். "வெள்ளிக்கிழமை திறப்பு விழா. கையெழுத்துப் போடுங்க. விழா முடிஞ்சதும் சுவரைப் பாத்துக்கலாம்." நான் போடவில்லை. பர்னரில் டீசலைத் தூவுகிற சின்னப் பித்தளை நாசிலைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அது இல்லாமல் ஹீட்டர் ஓடாது.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். அவர் உன்னிடம் பேசியிருந்தார். "ஒரே ஒரு கையெழுத்தும்மா. அவர் சொன்னா சொன்ன மாதிரி இடிச்சுடுவார்" என்றாய். முடியாது என்றேன். "உனக்கு உன் வீம்புதான் பெரிசு, என் வாழ்க்கை இல்ல" என்று வைத்துவிட்டாய். அந்த வார்த்தை என்னைச் சுட்டது, மறைக்க மாட்டேன். ஆனால் உனக்கு நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. உன் அப்பாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதை இப்போது சொல்கிறேன்.

நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு வாரம் சாப்பிடாமல் படுத்துக்கிடந்தேன், ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னோம். காய்ச்சல் இல்லை. குருபரப்பள்ளியில் ரோட்டோரமாக ஒரு லாட்ஜ் இருந்தது, இப்போது இல்லை. அங்கே ஹீட்டரின் சேப்டி வால்வு சொட்டிக்கொண்டே இருந்தது. அழுத்தம் ஏறினால் திறந்து வெளியே விடுகிற வால்வு. போர்வெல் தண்ணீரின் உப்புப் படிந்து சரியாக மூடாமல் கிடந்தது. புது வால்வு வர இரண்டு நாள் ஆகும். "நடைபாதையெல்லாம் தண்ணி, ஆளுங்க வழுக்கி விழுறாங்க, ரெண்டு நாளைக்கு அடைச்சு விடும்மா" என்றார் லாட்ஜ்காரர். நல்ல மனுஷர், தொடர்ந்து வேலை கொடுப்பவர். முகத்தை முறிக்க மனம் வரவில்லை. ஒரு மூடியைத் திருகி அடைத்தேன். மறுநாளே, தண்ணீர் சூடானதும் தீயை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டது. தீ நிற்கவில்லை, அழுத்தம் போக வழியில்லை. குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டு, பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த முனியப்பா என்ற வேலையாள் மேல் கொதிதண்ணீர் அடித்தது. வலது கை முழுக்க, கழுத்துவரை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அறையில் யாரும் இல்லை. முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அந்த மூடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கேட்டவர்களிடம் எல்லாம் தெர்மோஸ்டாட் பழுது என்று சொன்னேன். பொய் இல்லை, பாதி உண்மை. லாட்ஜ்காரரும் வாயைத் திறக்கவில்லை. நாலைந்து வருஷம் கழித்து, தாங்க முடியாமல், முனியப்பாவைத் தேடிக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். ஒரு மாந்தோப்பில் காவல் இருந்தார். கை மடங்கியபடியே நின்றுவிட்டிருந்தது. "அண்ணா, அந்த வால்வை அடைச்சது நான்தான்" என்றேன். அவர் கேட்டார்:

"இத எதுக்கு இப்ப சொல்றே?"

"சொல்லாம இருக்க முடியலைங்கண்ணா."

"சரி, உனக்கு எறங்கிடுச்சு. எனக்கு என்ன எறங்குச்சு?" என்றார். தோப்புக்குள்ளே நடந்து போய்விட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு அழுகைகூட வரவில்லை. அவர் மன்னிக்கவில்லை, மன்னிக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. நல்ல மனுஷர் கேட்டார், இரண்டு நாள்தானே என்று செய்தேன் பார், அதற்குத்தான் அந்தக் கை. லூர்துசாமி நல்ல மனுஷர். அவர் கேட்டதும் விழா முடியும்வரை, நாலு நாள்தான். உன் கல்யாணத்தை வைத்துக் கேட்டாலும் நான் அதை இன்னொரு தடவை செய்யமாட்டேன். வீம்பு என்றால் வீம்பு.

புதன்கிழமை ஒரு செய்தி வந்தது. லூர்துசாமி பெங்களூர் பக்கத்திலிருந்து வேறொரு ஆளை வரவழைத்து, புது நாசில் போட்டுக் கையெழுத்து வாங்கப்போகிறார் என்று. சொன்னது பசப்பாதான். அவருக்கு எதுவும் புரியவில்லை, "புது மெக்கானிக் வர்றாராம் அம்மா, நீங்க வரலியா?" என்று கேட்கத்தான் போன் செய்தார். நான் செருப்பைப் போட்டேன். உன் அப்பா, "கல்யாணம் முடியட்டுமே" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு அவரே போய் மொபெட்டை உதைத்தார். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே சூளகிரிவரை ஓட்டிக்கொண்டு போனார்.

அங்கே லூர்துசாமி, புது மெக்கானிக், விடுதி மேனேஜரம்மா மூன்று பேரும் இருந்தார்கள். மேனேஜரம்மா ஆந்திராவில் குப்பம் பக்கம், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்த ஏழெட்டுப் பெண்களும் வராந்தாவில் நின்றார்கள். நான் யாரையும் திட்டவில்லை. நேராக உள்ளே போய் என் நாசிலை மாட்டினேன். மீட்டரைச் சுவர் ஆணியில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி தொங்கவிட்டேன். "வாங்க, பத்து நிமிஷம் நீங்களும் நானும் கதவைச் சாத்திட்டு உள்ளே உக்காரலாம். பத்து நிமிஷம் உக்காந்துட்டா நான் இங்கேயே கையெழுத்துப் போடறேன்" என்றேன். லூர்துசாமியின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் ரோஷக்காரர், வந்து பசப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். கதவைச் சாத்தினோம். பர்னரை ஓட்டினேன். மேல் இடைவெளி வழியாகப் புகை மெதுவாகத் தடுப்புச் சுவரைத் தாண்டி அவர் பக்கம் இறங்கியது. மீட்டர் விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்து, பிறகு விடாமல் கத்தியது. இரண்டு தடவை இருமினார். எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் பர்னரை நிறுத்திவிட்டு அவர் பின்னால் வந்தேன். எனக்கும் தலை சுற்றியது, நடிக்கவில்லை.

வராந்தாவில் மேனேஜரம்மா கேட்டார், "இதி எந்துக்கு அலா அரிச்சிந்தி? ஏன் அப்படிக் கத்துச்சு, என்ன அர்த்தம் அந்தச் சத்தத்துக்கு?" நான் சொன்னேன்: "அந்தக் கட்டில்ல படுக்கிறவர் காலையில எழுந்திருக்க மாட்டார்னு அர்த்தம்." பசப்பா தன் படுக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து மொபெட் பக்கத்தில் நின்றார். பெங்களூரிலிருந்து வந்த மெக்கானிக் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சார், நானும் போட முடியாது" என்றார். மேனேஜரம்மா, "ரெண்டு ஜன்னலும் திறக்காம சுடுதண்ணியும் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். லூர்துசாமி அவர்கள் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "என் வீட்டுப் பொண்ணை உங்க வீட்டுக்குக் குடுக்கறேன். நீங்க என் மானத்தை வாங்கிட்டீங்க" என்றார். அவர் சொன்னது அவருக்கு உண்மைதான்.

வியாழக்கிழமை தடுப்புச் சுவரை இடித்தார்கள். மூடின ஜன்னலைத் திறந்து, சாரலுக்கு வெளியே ஒரு தகரம் இறக்கினார்கள். அதைச் செய்திருந்தால் முதலிலேயே முடிந்துபோயிருக்கும். பசப்பாவுக்கு கேட் பக்கத்தில் ஒரு சின்ன அறை கிடைத்தது. குளிர்கிறது என்று இப்போதும் என்னிடம் குறை சொல்கிறார். சொல்லட்டும், குறை சொல்ல ஆள் இருக்கிறாரே. கையெழுத்தை அந்தப் பெங்களூர் மெக்கானிக்கே போட்டார், என்னைக் கூப்பிடவில்லை. லூர்துசாமியின் மற்ற கட்டடங்களில் இருந்த என் வேலைகள் எல்லாம் போய்விட்டன. போகட்டும்.

ரெஜினா என்னோடு பேசினாள், உனக்குத் தெரியாது. "அத்தை, நான் சித்தப்பாவை விட்டுக்குடுத்துப் பேசமாட்டேன். அவர் இல்லைன்னா நான் இல்லை" என்றாள். "பேச வேண்டாம்" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்தச் சுவரை இடிச்சது எனக்கு நிம்மதியா இருக்கு" என்றாள். உன்னைவிடத் தெளிவான பெண் உனக்குக் கிடைத்திருக்கிறாள். அவளோடு சண்டை வந்தால் பாதி நேரம் தப்பு உன் பக்கம்தான் இருக்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நீ தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை செய்கிறாய். தலைமுடி அளவு கூடினால்கூட அந்தப் பாகத்தை ஒதுக்கித் தள்ளுகிறாய். மேலதிகாரி கண்ணைக் காட்டினாலும் தள்ளுகிறாய் என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். அப்படி ஒரு பாகம் உறவுக்காரர் கையிலிருந்து வந்தால் மட்டும் விட்டுவிடுவாயா? இனி உன் பெயரைப் போடச் சொல்லி நிறைய காகிதம் வரும். காகிதத்தைப் படிக்காதே, முதலில் போய் அந்த அறையைப் பார். பார்த்தது சரியில்லை என்றால் எடுத்த பேனாவை மூடிவிடு. என்னை மாதிரி ஒரு மூடியைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வருஷக்கணக்கில் திரியாதே. இதைவிடப் பெரிய புத்தி எதுவும் என்னிடம் இல்லை.

நான் எழுதித் தராவிட்டால் லூர்துசாமி கோவிலுக்கு வந்து பெண்ணை ஒப்படைக்க மாட்டார் என்று சொல்லியிருக்கிறாராம். அது அவர் முடிவு, அவர் வளர்த்த பெண்ணிடம் அவர் பேசிக்கொள்ளட்டும். என்னை வரவேண்டாம் என்று யாராவது சொல்லச் சொன்னால், அந்தச் சிரமம் உனக்கு வேண்டாம், நான் வருவேன். கல்யாணத்தன்று, அடுத்த வாரப் புதன்கிழமை காலையில், ஏழு மணி பஸ்ஸுக்கு நானும் உன் அப்பாவும் கிளம்புகிறோம். பச்சைப் பட்டுப் புடவையை எடுத்து வைத்தாயிற்று. கோவில் வாசலில் லூர்துசாமி நின்றால், எல்லார் முன்னாலும் நானே முதலில் ஸ்தோத்திரம் சொல்வேன். பதில் சொன்னால் சந்தோஷம். சொல்லாவிட்டாலும் மாப்பிள்ளையின் அம்மா உட்கார வேண்டிய முதல் பெஞ்சில்தான் உட்காருவேன். அங்கே வேறு யாரையும் உட்கார வைத்துவிடாதே.

அம்மா